சோக் போட்டால் மட்டும் ஓடிய ஜெனரேட்டர்

எங்கள் பக்கத்தில் துணி என்று எதையும் தனியாகக் கடையில் வாங்குகிற வழக்கம் கிடையாது. தரை துடைப்பது, வண்டி துடைப்பது, தோசைக்கல்லில் எண்ணெய் தேய்ப்பது, தலையணைக்குள் அடைப்பது எல்லாமே பனியன் வேஸ்ட்தான். கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் மூட்டை மூட்டையாக வீட்டுக்கு வீடு கிடக்கும். சளி பிடித்த குழந்தையின் மூக்கைத் துடைப்பதிலிருந்து மோர் வடிகட்டுவது வரை அதிலேயே நடந்துவிடும். நெருப்பெரிச்சல் என்கிற அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு, கைக்குட்டை என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் வருகிற பொருள் என்று பத்து வயது வரை எண்ணம். பின்னால் நடந்ததற்கு இதை நான் சாக்காகச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, எனக்குப் பத்து வயது நடந்த அந்த வருடம் பொங்கலுக்கு மூலனூரிலிருந்து வந்தவர். நாலு நாளில் திரும்புவதாகத்தான் பேச்சு. ஆவணி பிறந்தும் போகவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெசினில் உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டாராம். மூலனூரில் அவருக்கு வாய்த்தது முருங்கைத் தோட்டமும், மருமகள் தையல் வேலைக்குப் போவதைக் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற மாமியாரும்.

சித்தப்பா நல்ல மனிதர்தான். ஆனால் பேசமாட்டார். பேச்சுக்கு யாரோ வரி போட்டிருக்கிறார்கள் என்பது போல இருப்பார். தன் அம்மா திட்டினாலும் பேசமாட்டார், பெண்டாட்டி அழுதாலும் பேசமாட்டார். சித்திக்கு அவர்மேல் இருந்த புகார் முழுக்க அதுதான்.

எங்கள் வீட்டுப் பின்புறம் சிமென்ட் அட்டை வேய்ந்த ஒரு செட் இருந்தது. அதில் மூன்று மெசின்களைப் போட்டு, சித்தி ஒரு கம்பெனியில் தையல் வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்தார். கூட இரண்டு அக்காக்கள் தைக்க வந்தார்கள். சித்தப்பாவுக்குப் போனில் சித்தி ஒரு வாக்குக் கொடுத்தது எனக்குத் தெரியும். கை இரண்டும் துணியில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். பக்கத்தில் நான் நூல் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"இந்த லாட்டுச் சரக்க சனிக்கெழம அஞ்சு மணிக்குள்ள குடுத்துட்டன்னா கம்பெனில எனக்கு மாசாமாசம் வேல தர்றம்ன்னு சொல்லீருக்காங்க. குடுக்க முடியலீன்னா மெசின வித்துப்போட்டு நானே மூலனூருக்கு வந்தர்றேன். குடுத்துட்டா என்னைய இங்கயே விட்டுருங்க. செரிங்களா?"

"செரி" என்றார் சித்தப்பா. போன் கட்டாகிவிட்டது.

இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சித்தி வந்த பிறகுதான் எனக்கு இரட்டை ஜடை பின்ன ஒரு ஆள் கிடைத்திருந்தது. இரவில் அவர் பக்கத்தில்தான் படுப்பேன். அவர் போய்விட்டால் வீடு பழையபடி அப்பாவின் இருமலும் அம்மாவின் டிவியுமாக ஆகிவிடும். சனிக்கிழமை ஐந்து மணி என்பது சித்தியைவிட எனக்குத்தான் பெரிதாக இருந்தது என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பேப்பரில் எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று போட்டிருந்தது. சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. சித்தி அதைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். அப்பாதான், "எதுக்குக் கவலப்படறே, நம்மகிட்டத்தான் ஜெனரேட்டர் இருக்குதில்ல" என்றார்.

ஜெனரேட்டர் இருந்தது. அப்பா எங்கேயோ பழசாகப் பிடித்து வந்த பெட்ரோல் ஜெனரேட்டர். கயிற்றை இழுத்து ஓட்ட வேண்டும். டேங்க்குக்குள் இருக்க வேண்டிய சல்லடை கிழிந்து காணாமல் போயிருந்தது. அதனால் பெட்ரோலை வெளியிலேயே வடிகட்டி ஊற்ற வேண்டும் என்று அப்பா ஒரு சட்டம் போட்டு, அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார். புனலின் வாயில் பனியன் துணியை விரித்து, சொட்டுச் சொட்டாக நான் ஊற்றுகிற அழகைப் பார்த்து, "என் புள்ள பக்குவமாச் செய்யுது பாரு" என்று எல்லோரிடமும் சொல்வார். எனக்குத் தலைகால் புரியாது.

சனிக்கிழமை ஒன்பதுக்குக் கரண்ட் போனது. நானூறு பீஸ் பாக்கி. கைப் பகுதியும் பக்கத் தையலும் அடித்துக் கீழ் மடிப்பும் மடித்தாக வேண்டும். அப்பா கயிற்றை இழுத்தார். ஜெனரேட்டர் ஓடியது. ஆனால் ஒரே சீராக ஓடவில்லை. உறுமி மேலே போகும், இறங்கி இருமும், மறுபடி உறுமும். செட்டில் தொங்கிய பல்பு அதற்குத் தகுந்தாற்போல் பளிச்சென்று எரிந்து மங்கி எரிந்தது. பக்கத்து மண்ணரையிலிருந்து தைக்க வருகிற தேனிக்கார அக்கா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"என்னக்கா இது, சாமி வந்தது கணக்கா ஆடுது?"

மெசினில் காலை வைத்ததும் ஜெனரேட்டர் நின்றுபோனது.

அப்பா பனியன் துணி பின்னுகிற நிட்டிங் கம்பெனியில் மெசின் ஓட்டுபவர். அதனால் உலகத்தில் ஓடுகிற எதுவும் தனக்கு அத்துப்படி என்பது அவர் எண்ணம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தார். ஓடவில்லை. ஆயிலை மாற்றினார். ஓடவில்லை. மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினார், ஜெனரேட்டரின் மண்டையில்தான். காற்றைக் குறைக்கிற சோக் கம்பியைப் பாதி இழுத்து வைத்தால் மட்டும் கரும்புகை விட்டுக்கொண்டு ஓடும். ஒரு மெசினைத் தாங்கும். இரண்டாவதைப் போட்டால் படுத்துக்கொள்ளும். ஒரு மெசினை வைத்துக்கொண்டு நானூறு பீஸை ஐந்து மணிக்குள் முடிக்க யாராலும் முடியாது. சித்தி அந்த ஒரு மெசினில் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார். நான் செட்டுக்கும் சமையலறைக் கடிகாரத்துக்கும் ஓடி ஓடி, மணி என்ன என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்தே முக்காலுக்குச் சித்தப்பா வந்து வாசலில் நின்றார். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

பேப்பரில் கரண்ட் கட் பார்த்துவிட்டுத்தான் இன்றைக்கு வந்திருக்கிறார், சித்தி தோற்பதை நேரில் பார்த்துக் கையோடு கூட்டிப்போக வந்திருக்கிறார் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன். சித்தி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். சித்தப்பாவின் கண் ஜெனரேட்டரின் மேல் போனது.

"சோக்குப் போட்டா ஓடுதுங்களா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"ஆமாங்க சகல. எடுத்தா நின்னுக்குது."

"அப்ப பெட்ரோல் பத்தலீங்க. பிளக்குல ஒண்ணுமில்ல."

காலையிலிருந்து பிளக்கைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்த அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. சித்தப்பா தோட்டத்தில் பெட்ரோலில் ஓடுகிற மருந்தடிக்கிற மெசின் வைத்திருந்தார். அதைப் பிரித்து மாட்டிப் பழக்கம். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வேட்டியோடு உட்கார்ந்தார். டேங்க் மூடியைத் தளர்த்தி விட்டுப் பார்த்தார், மாற்றமில்லை. ஏர் பில்டரைக் கழற்றிப் பார்த்தார், அதிலும் ஒன்றுமில்லை. பிறகு கார்பரேட்டரின் அடியில் இருந்த கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே இருந்து ஒரு சின்னப் பித்தளைத் திருகை எடுத்தார். ஜெட் என்றார். அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை உண்டாம். வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். வெளிச்சம் தெரியவில்லை.

"அடச்சிருக்குது. பெட்ரோல் போற வழியே இதுதானுங்க."

ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்புக் கம்பியை உருவி உள்ளே விட்டு வாயால் ஊதினார். வெள்ளையாக ஏதோ பறந்துபோனது. மாட்டிக் கயிற்றை இழுத்ததும், சோக் இல்லாமல், ஒரே சுருதியில் ஓடியது. பல்பு ஆடாமல் எரிந்தது. மூன்று மெசினும் ஒரே நேரத்தில் கிளம்பிய சத்தத்தில் நான் குதித்தேன். ஆனால் அடுத்த நிமிடமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கூட்டிப்போக வந்தவர் எதற்காக இதைச் சரிசெய்கிறார்? இதில் ஏதோ சூது இருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை எனக்குச் சந்தேகம் வந்தால் தூக்கம் வராது, சோறு இறங்காது. செட்டின் ஓரத்தில் மூட்டைமேல் உட்கார்ந்து சித்தப்பாவைப் போலீஸ்காரி போலக் காவல் காத்தேன்.

ஒரு மணிவாக்கில் டேங்க் காலியானது. பெட்ரோல் வடிகட்டுகிற வேலை என்னுடையது. காலையில் அடைத்துக்கொண்டதற்குத் துணி சரியில்லாததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. பழைய வெள்ளைத் துணி, கசங்கியது. இப்போது நல்ல துணியாக எடுக்க வேண்டும். மூட்டையைக் கிளறி, ரோஸ் நிறத்தில் ஒரு பிளீஸ் துண்டைக் கண்டுபிடித்தேன். குளிர்கால ஸ்வெட்டருக்குப் போடுகிற துணி. உள்பக்கம் பூனைக்குட்டியின் வயிறு மாதிரி மெத்தென்று பஞ்சாக இருக்கும். அந்தப் பஞ்சில் எந்த அழுக்கும் தப்பாது என்று நினைத்து, இரண்டாக மடித்து, பஞ்சுப் பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, ஒரு கேன் பெட்ரோல் முழுவதையும் பொறுமையாக வடித்து ஊற்றினேன். அன்றைக்கு நான் பொறுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஜெனரேட்டர் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துச் சித்தப்பா எழுந்து அதன் பக்கத்தில் போய்க் குனிந்தார். சுற்றி இருந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கார்பரேட்டரின் பக்கவாட்டில் ஒரு திருகைக் கால் சுற்று முறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். பத்து நிமிடம் ஆகியிருக்காது. உறுமல் ஏறியது, இறங்கியது, பல்பு பளிச்சிட்டு மங்கியது, எல்லாம் நின்றுபோனது. இன்னும் இருநூற்று முப்பது பீஸ் இருந்தது. மணி ஒன்றே முக்கால்.

சித்தப்பா மறுபடி உட்கார்ந்து கிண்ணத்தைக் கழற்றினார்.

"சித்தப்பாதான் கெடுத்தாரு!" என்று நான் கத்தினேன். "நான் பாத்தேன்! யாரும் பாக்காதப்பத் திருக முறுக்கினாரு! சித்தியக் கூட்டீட்டுப் போறதுக்குத்தான் இப்பிடிப் பண்றாரு!"

அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். அதற்குள் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. சித்தி மெசினை விட்டு எழுந்து வந்தார். தலைமுடியிலும் புருவத்திலும் நூல்பஞ்சு ஒட்டியிருந்தது.

"பாப்பா சொல்றது நெசமுங்களா?"

அப்போது சித்தப்பாவின் கையில் ஒரு பழைய மெசின் ஊசி இருந்தது. அதன் முனையால் ஜெட்டின் ஓட்டையிலிருந்து எதையோ மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தது. ரோஸ் நிறத்தில், சின்னப் புழு நீளத்துக்கு ஒரு பஞ்சுத் திரி. கழற்றி வைத்திருந்த கிண்ணத்தின் அடியிலும் ரோஸ் நிறத்தில் பாசிபோலப் படிந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். பெட்ரோலில் நனைந்த ரோஸ் துணியை இன்னும் கையில் சுருட்டி வைத்துக்கொண்டுதான் நான் அவர்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

ஊசிமுனையில் இருந்த திரியை வேட்டி ஓரத்தில் துடைத்துவிட்டார்.

"என்னையக் கூட்டீட்டுப் போகோணும்ன்னா வாயத் தொறந்து வான்னு சொல்லீருக்கலாமில்ல?" என்றார் சித்தி. "ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே வந்திருப்பனுங்க. பொழப்புல கைய வெச்சிட்டீங்களே."

சித்தப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று நான் இத்தனை வருடமாக நினைவுபடுத்திப் பார்க்கிறேன். குனிந்திருந்தார் என்பது மட்டும்தான் வருகிறது. வேலை செய்கிறவர் குனிந்திருப்பது போலத்தான் குனிந்திருந்தார்.

"கால் மணி நேரம் குடு அம்மிணி. ஓட வெச்சுத் தர்றேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கண்ணு, ஊட்டுல டீ வடிகட்டி இருக்குதா? கம்பி வல போட்டது? அதக் கொண்டா. துணி வேண்டாம்."

என் வேலையை என்னிடமிருந்து பிடுங்கி என்னைப் பழிவாங்குகிறார் என்று எனக்கு ஆத்திரம். காலைத் தரையில் உதைத்துக்கொண்டே போய் எடுத்து வந்தேன். அவர் டேங்க்கில் இருந்த பெட்ரோல் முழுவதையும் இறக்கினார், கிண்ணத்தைக் கழுவினார், ஜெட்டை ஊதி வெயிலில் பார்த்தார், வெளிச்சம் தெரிகிற வரைக்கும் மறுபடி ஊதினார். டீ வடிகட்டியில் வடித்து ஊற்றிக் கயிற்றை இழுத்தார். அதற்குப் பிறகு அந்த ஜெனரேட்டர் நிற்கவே இல்லை. சித்தப்பாவும் அதன் பக்கத்திலிருந்து நகரவில்லை. அப்பா மட்டும் அவருக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் சாட்சியத்தின் பேரில் போட்ட காவல் அது.

நாலு இருபதுக்குக் கடைசிப் பீஸ் மெசினிலிருந்து விழுந்தது. நாலே முக்காலுக்கு ஆட்டோ வந்தது. கட்டுகளைத் தூக்கி ஏற்றியது பெரும்பாலும் சித்தப்பாதான். சித்தியும் அப்பாவும் ஏறி உட்கார்ந்தார்கள். ஆட்டோ கிளம்புகிற வரை சித்தி அவர் பக்கம் திரும்பவில்லை. ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே சரக்கு இறங்கிவிட்டது என்று அப்பாவின் போன் வந்தது.

சித்தி திரும்பிப் போகவே இல்லை. இன்றைக்கு அவரிடம் பன்னிரண்டு மெசின் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்துப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி அவர்களைப் பிரித்துவிட்டபோது, எங்கள் பக்கத்தில் சொன்ன குறைகளில் முதலாவதாக வந்தது அந்த ஜெனரேட்டர் விஷயம்தான். "பொண்டாட்டி பொழைக்கக் கூடாதுன்னு மெசினையே கெடுத்தவன்." சித்தப்பா அங்கேயும் வாயைத் திறக்கவில்லை என்று அம்மா சொன்னார். அவர்கள் பிரிந்ததற்கு நான்தான் காரணம் என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு எனக்குத் தலைக்கனம் கிடையாது. மாமியார் இருந்தார், மூலனூர் இருந்தது, அவருடைய ஊமைத்தனம் இருந்தது. ஆனால் சித்தி "ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே வந்திருப்பனுங்க" என்று சொன்னதும் என் காதில் இருக்கிறது. படித்து முடித்து நானும் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, பிளீஸ் துணியில் பஞ்சு உதிர்கிறது என்று வெளிநாட்டிலிருந்து வந்த புகார்க் கடிதம் ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில்தான் எனக்கு அந்த ரோஸ் நிறம் உறைத்தது. அந்தத் திருகை அவர் முறுக்கியதும் ஓட்டத்தைச் சீராக்கத்தான். அன்றைக்கு மேலே படிக்க முடியாமல் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது, வேறொன்றுமில்லை.

அந்தச் சனிக்கிழமையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்மா அதே வடிகட்டியில் வடித்த டீயைச் சித்தப்பாவுக்குக் கொடுத்தார். கழுவித்தான் கொடுத்தார், ஆனாலும் பெட்ரோல் நாற்றம் எனக்கே அடித்தது. அவர் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "நல்லாருக்குதுங்க" என்றார். சித்தி வருகிறவரை இருக்கும்படி அம்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். "இருக்கட்டுங்க, கடைசி வண்டி போயிரும்" என்று எழுந்துகொண்டார். மணி ஐந்தரைதான். கடைசி வண்டிக்கு எவ்வளவோ நேரம் இருந்தது.

பஸ் நிறுத்தம் வரைக்கும் வழி காட்ட என்னை அனுப்பினார்கள். வழியெல்லாம் நான் அவருக்கு நாலடி முன்னால் விறைப்பாக நடந்தேன். ஒரு குற்றவாளியை ஊர் எல்லை வரை கொண்டுபோய் விடுகிற பெருமை எனக்கு. ஊரையும் சித்தியையும் காப்பாற்றியவள் நான். நிறுத்தத்தில் நின்றபோது அவர் ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

"இனிமே அந்தக் கம்பி வடிகட்டிலயே ஊத்து கண்ணு. சித்திக்கு மெசின் நிக்காம ஓடோணுமில்ல?"

"எங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும், தெரியும். கெட்டிக்காரி."

பஸ் வந்தது. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, வண்டி நகர்ந்தபோது எனக்குக் கையைக் காட்டிச் சிரித்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தவளைப் பார்த்து ஒருவர் எதற்காகச் சிரிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. வெட்கமில்லாதவர் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். சித்தி வந்திருப்பார், முதல் ஆளாக என்னைத்தான் தூக்குவார் என்று ஒரே அவசரம்.